மஞ்சக்குட்டை ரத்தமும் ஒரு பெட்டி ஐஸும்

ஐஸ் வைத்தால் எதுவும் கெடாது என்று நம்புகிற ஆட்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன். மீனானாலும் சரி, தடுப்பூசியானாலும் சரி, மனுஷ ரத்தமானாலும் சரி. அந்த நம்பிக்கை எனக்கு எப்படிப் போனது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

நம் மருத்துவப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கண்ணுகளா, நான் ஓய்வு பெற்றுவிட்டாலும் என்னைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே யாராவது சொல்லிப் பயமுறுத்தியிருப்பார்கள். அந்தம்மா வள்ளென்று விழும், டியூபில் பெயர் எழுதாவிட்டால் டியூபையே தூக்கிக் குப்பையில் போட்டுவிடும் என்று. பொய்யில்லை, போட்டிருக்கிறேன். ஆனால் குப்பையில் போட்டிருக்க வேண்டிய ஒரு பெட்டி டியூபை, பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல மலையிலிருந்து நானே இறக்கிக் கொண்டுவந்தேன். அதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

சேர்வராயன் மலையில் காப்பி எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஓர் ஆய்வு தொடங்கியிருந்தோம். ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்து, கீழே சேலத்தில் இருக்கும் நம் லேபுக்குக் கொண்டுவந்து சோதிக்க வேண்டும். நான் உயிர்வேதியியல்காரி. ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வேன், மருந்து எழுத மாட்டேன். மலையில் அந்த வித்தியாசமெல்லாம் யாருக்கு வேண்டும்? வெள்ளைக் கோட்டு போட்டிருந்தால் டாக்டரம்மாதான். திருத்திப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

எடுத்த ரத்தத்தைச் சீக்கிரமே இயந்திரத்தில் போட்டுச் சுழற்றி, செல்களை அடியில் தள்ளி, மேலே நிற்கும் தெளிநீரைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். அதற்காக ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, சின்னதாக ஒரு சுழற்றும் இயந்திரம் வைத்திருந்தோம். கிளியூர் முகாம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போனது. மஞ்சக்குட்டை முகாமுக்கு முந்தின நாள், கரண்ட் ஏறி இறங்கியதில் இயந்திரத்தின் மோட்டார் புகைந்து நாற்றமடித்தது. சரிசெய்ய ஆள் வரப் பல நாள் ஆகும் என்றார்கள். எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கும் ரைட்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஆட்களைக் காலையில் ஒரு மணி நேரம் அனுப்புவதாகச் சம்மதம் வாங்கியிருந்தேன். அதைத் தள்ளிப்போட எனக்கு மனசே வரவில்லை.

"பிரிக்க வேண்டாம். அப்படியே கீழே கொண்டுபோய்ப் பிரிச்சுக்கலாம். ஐஸை மட்டும் நிறையப் போடுங்க" என்று உத்தரவு போட்டேன்.

எங்கள் ஜீப்பை ஓட்டியவர் பஷீர். சேலத்திலிருந்து வந்து ஒண்டிக்கடையில் கடை போட்ட குடும்பம். அண்ணனுக்குக் கூல்டிரிங்ஸ் கடை, தம்பிக்கு ஜீப். ஐஸ் அந்த அண்ணன் கடையிலிருந்துதான் வந்தது.

"ஏனுங்க மேடம், இத்தனை ஐஸா? மீனு ஏத்திக்கிட்டுப் போறாப்ல இருக்குதுங்க" என்றார் பஷீர்.

"மீனைவிட ரத்தம் சீக்கிரம் கெட்டுப்போகும், போடுங்க" என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

மஞ்சக்குட்டையில் முதல் ஆளாகக் கை நீட்ட ஒருவரும் முன்வரவில்லை. ஆளை ஆள் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பஷீர் பார்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். "எறும்பு கடிச்சாப்லதானுங்க, பாருங்க, நான் கண்ணை மூடுறனான்னு பாருங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். நர்ஸ் கலைச்செல்வி அவருக்கும் ரத்தம் எடுத்து, டியூபில் 'கூடுதல்' என்று எழுதி மற்ற டியூபுகளோடு பெட்டியில் வைத்தாள். அதற்கப்புறம் வரிசை நகர்ந்தது.

பஷீருக்கு அடுத்து உட்கார்ந்தவர் சரசு. நாற்பத்தைந்து வயதிருக்கும். எஸ்டேட்டில் களை எடுக்கிறவர். "பிரசர் மாத்திரை தெனமும் போடறனுங்க. ஒரு நாளு உட்டதில்லீங்க" என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே சொன்னார். வாத்தியாரிடம் வீட்டுப்பாடத்தைக் காட்டுகிற பிள்ளையின் முகம். எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

எல்லா டியூபும் ஐஸ் பெட்டிக்குள் போனது. வழியில் இன்னும் இரண்டு இடத்தில் நின்று, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி, லேபுக்கு வந்து பிரிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. தெளிநீர் பார்க்க அவ்வளவு சுத்தம், பொன் நிறம். செல் உடைந்திருந்தால் சிவந்து போயிருக்கும். சிவப்பே இல்லை. என் ஐஸின் மகிமை என்று எனக்கு ஒரே பெருமை.

முடிவு வந்தது. மஞ்சக்குட்டைக்காரர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. நெஞ்சுத் துடிப்பே தாறுமாறாகப் போகும் அளவு. சிறுநீரகம் கெட்டால் கூடவே ஏற வேண்டிய மற்ற அளவெல்லாம் சாதாரணம். பொட்டாசியம் மட்டும் உச்சாணியில். இந்த இடத்தில் நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, 'இது எப்படி இருக்க முடியும்' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் துறைத்தலைவர் கண்ணை அகல விரித்தார். ஊர்த் தண்ணீரா, மண்ணா, பூச்சி மருந்தா, இதுவரை யாரும் எழுதாத நோயா என்றார். என் கண்ணும் விரிந்ததுதான், ஒளிப்பானேன். கட்டுரைக்குத் தலைப்புகூட மனசுக்குள் வைத்துவிட்டேன்.

குழுவின் மருத்துவர் எண்களைப் பார்த்துவிட்டு, ஒரு வகை பிரஷர் மாத்திரை பொட்டாசியத்தை மேலும் ஏற்றும், அதைச் சாப்பிடுகிற ஏழு பேரும் இப்போதைக்கு நிறுத்தட்டும், சீக்கிரம் மறுபடி ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்றார். மாத்திரையை நிறுத்தச் சொன்னோம். 'சீக்கிரம்' என்று அவர் சொன்னதைத்தான் விட்டுவிட்டோம். இயந்திரம் சரியாகி வரட்டும் என்று இருந்துவிட்டோம். கலைச்செல்வி மேலே போய் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு கொடுத்து வந்தாள். வாழைப்பழம் கூடாது, ஆரஞ்சு கூடாது, பலா கூடாது, இளநீர் கூடாது, காப்பி கூடாது. காயை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிட வேண்டும். ஏற்காட்டு மலையில், அதுவும் பலா பழுக்கிற காலத்தில், இப்படி ஒரு சீட்டு!

மூன்று வாரம் கழித்து, கட்டுரைக்கு அட்டவணை போட உட்கார்ந்தேன். ஆட்களைவிட முடிவு ஒன்று அதிகமாக இருந்தது. யாருடையது என்று தேடினால், 'கூடுதல்' என்று எழுதியிருக்கிறது. பஷீர்! அதிலும் பொட்டாசியம் உச்சத்தில் இருந்தது. அந்த மனுஷன் மஞ்சக்குட்டைக்காரரே இல்லை. அந்தத் தண்ணீரைக் குடித்தவர் இல்லை, எஸ்டேட் மருந்து அடித்தவர் இல்லை. அந்த ரத்தத்தோடுதான் அன்றைக்கு அத்தனை வளைவிலும் விசிலடித்துக்கொண்டு ஜீப் ஓட்டி எங்களைக் கீழே இறக்கிவிட்டிருக்கிறார்.

அவருக்குப் போன் போட்டேன். கடைக்குச் சரக்கு ஏற்ற அன்று சேலம் வந்திருந்தார். "பஷீர், உடனே லேபுக்கு வாங்க" என்றேன்.

"அல்லா, எனக்கு என்னங்க மேடம் ஆச்சு?" என்று ஓடிவந்தார்.

அவர் ரத்தத்தை மூன்று டியூபில் எடுத்தேன். ஒன்றை உடனே பிரித்தேன். ஒன்றைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்தேன். மூன்றாவதைப் பிரிக்காமல், அன்றைக்கு வைத்த மாதிரியே ஐஸில் புதைத்தேன். உடனே பிரித்ததில் பொட்டாசியம் சாதாரணம். கைவிரலைச் சொடுக்கிக்கொண்டு காத்திருந்தேன். மத்தியானம் மற்ற இரண்டையும் பார்த்தேன். மேசைமேல் இருந்தது சாதாரணம். ஐஸில் இருந்தது நன்றாகவே ஏறியிருந்தது.

செல்லுக்குள்ளே பொட்டாசியம் நிறைய இருக்கும். அதை உள்ளேயே பிடித்து வைக்கச் செல் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். குளிரில் அந்த வேலை நின்றுபோகும், பொட்டாசியம் மெல்ல வெளியே கசியும். செல் உடையாது, அதனால் சிவக்காது. பிரிக்காத ரத்தத்தை ஐஸில் வைக்காதே என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதை முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவளே நான்தான். என் தலையில் நானே நாலு போடலாம் போலிருந்தது.

மருத்துவருக்குப் போன் செய்தேன். "ஏழு பேருக்கும் மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிக்கணும், இன்னிக்கே பிரஷர் பார்க்கணும்" என்றார், ஒரு வார்த்தை திட்டாமல்.

துறைத்தலைவரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பயந்துவிட்டார். "ஒருத்தரோட ரத்தத்தை வெச்சு முடிவு பண்ண முடியாதும்மா. முறைப்படி மறுபடி செய்வோம். எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதுவோம். அனுமதிக் கடிதம் வரட்டும், அப்புறம் மேலே போய்ச் சொல்லலாம். இல்லேன்னா நம்ம பேரு என்ன ஆகும்?"

"ஐயா, உங்க கடிதம் வர்ற வரைக்கும் அவங்க பிரஷர் காத்துக்கிட்டிருக்குமா?" என்று கத்திவிட்டேன். வராந்தாவில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். இருபத்தைந்து வருடத்தில் அவரிடம் நான் குரலை உயர்த்தியது அது ஒருமுறைதான். கமிட்டிக்கு இரண்டு வரி எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு, கலைச்செல்வியைக் கூட்டிக்கொண்டு பஷீர் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, கண்ணுகளா. அப்போதும் எனக்கு முழு நிச்சயம் கிடையாது. அவர் சொன்னதுபோல ஒரு ஆளின் ரத்தம்தான் கையில் இருந்தது. ஆனால் நான் அவசரப்பட்டுப் போய்ச் சொல்லி அது தப்பானால், என் மானம் போகும். போகாமல் இருந்து அது தப்பானால், ஒருவருக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யோசிக்க அப்புறம் என்ன இருக்கிறது?

மஞ்சக்குட்டையில் போன் சிக்னல் எடுக்கவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஏழு பேரில் நான்கு பேர் மாத்திரையை நிறுத்தவே இல்லை! "அந்தச் சீட்டுங்களா? எங்கியோ வெச்சனுங்க" என்றார் ஒருவர், பலாச்சுளையை மென்றுகொண்டே. அந்த மனுஷனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. நாங்கள் சொன்னதைக் காதில் வாங்காத நான்கு பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். இரண்டு பேர் நிறுத்தியிருந்தார்கள், பிரஷர் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னோம்.

மீதி சரசு. வீடு பூட்டிக் கிடந்தது. நான்கு நாளாகத் தலைவலி என்று புலம்பிக்கொண்டே களை எடுக்கப் போயிருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எஸ்டேட்டுக்குள் ஜீப் போகிற மட்டும் போய், அப்புறம் தூறலில் நடந்தோம். சவுக்கு மாதிரி உயர்ந்து நிற்கும் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில், தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, நெற்றியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

கலைச்செல்வி பிரஷர் பார்த்தாள். எண்ணை வாயால் சொல்லவில்லை, கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அளவு.

இருவருமாகக் கைத்தாங்கலாக அவரை நடத்தி வந்து ஜீப்பில் ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பின் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "சரசு, உங்களுக்குப் பொட்டாசியம் ஏறவே இல்லை. நாங்க ரத்தத்தை வெச்ச விதம் தப்பு, அதனால கணக்குத் தப்பா வந்திருச்சு. மாத்திரையை நிறுத்தச் சொன்னதும் தப்பு. எல்லாம் என்னாலதான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப எம்பட கிட்னி?"

"நல்லா இருக்குங்க."

"எனக்கு ஒண்ணுமே இல்லீங்களா?"

"பழைய பிரஷர் மட்டும்தான்."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, உங்களுக்கெல்லாம் மனசாச்சின்னு ஒண்ணு இருக்குதுங்களா? மூணு வாரமா நாந் தூங்கலீங்க. கிட்னி போச்சுன்னா ஆளு போச்சுன்னு ஊரே சொல்லுது. எம்பட ஊட்டுக்காரருக்குச் சோறாக்கத் தெரியாது. ஒக்கார வெச்சு ரசம் வெக்கறதுக்குச் சொல்லிக் குடுத்தனுங்க. எதுக்கு? நாஞ் செத்துப்போனா அந்த மனுசன் பட்டினி கெடக்கக் கூடாதுன்னு! நொம்பப் படிச்சவீங்க, சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு நம்பிப்போட்டனே! ஒரு சொளை வாயில வெக்கலீங்க நானு. மரத்துல பழுத்ததெல்லாம் அக்கம்பக்கத்துக்குத் தூக்கிக் குடுத்துட்டுப் பாத்துக்கிட்டு இருந்தனுங்க!"

பஷீர் ரோட்டைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. அழுதுவிடக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். திட்டு வாங்குகிறவள் அழுதால், திட்டுகிறவர் பாவம் பார்த்து நிறுத்திவிடுவார். அது நியாயமில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை அவர் திட்டி முடித்தார், நான் கேட்டு முடித்தேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார். அரைமணிக்கொரு தரம் பிரஷர் பார்த்தார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த எண் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். லேபில் எத்தனையோ ஆயிரம் எண்ணைப் பார்த்திருக்கிறேன், ஒரு எண்ணிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டது அன்றைக்குத்தான். நாலைந்து மணி நேரத்தில் தலைவலி விட்டது என்றார் சரசு. வெளியே வந்து பஷீர் வாங்கி வைத்திருந்த டீயைக் குடித்தபோதுதான், காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் இயந்திரம் சரியாகி வந்தது. துறைத்தலைவரே உடன் வந்தார். மஞ்சக்குட்டையில் எல்லோர் முன்னாலும் நின்று, "எங்க தப்புங்க, மன்னிச்சுக்குங்க" என்று அவர் வாயாலேயே சொன்னார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை ஏறியது. அங்கேயே எடுத்து, அங்கேயே பிரித்தோம். எல்லோருக்கும் பொட்டாசியம் சாதாரணம். புதிய நோயும் போச்சு, கட்டுரையும் போச்சு. பின்னால் எங்கள் ஐஸ் பெட்டித் தப்பை மட்டும் சின்னக் குறிப்பாக எழுதி வெளியிட்டோம். படித்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும், அவர்கள் லேபில் அந்தத் தப்பு நடக்காது.

அன்றைக்கு மற்ற எல்லோரும் வந்து கை நீட்டினார்கள். சரசு வரவில்லை. "அவங்க ரத்தம்தான் ரொம்ப முக்கியம். நீங்க போய் நல்லவிதமாப் பேசி ஒத்துக்க வைங்க" என்றார் துறைத்தலைவர். பேசி ஒத்துக்கொள்ள வைப்பதில் நான் கெட்டிக்காரி, அது எனக்கே தெரியும். பேசினால் சரசு தந்திருப்பார் என்பதும் தெரியும். சொன்னதைக் கேட்கிற மனுஷி அவர். அதனால்தான் அத்தனையும் பட்டார்.

அதனால் பேசக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு, ஊசியை விட்டுவிட்டு, படிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னார். "உங்க மேல கோவமெல்லாம் போச்சுங்க. ஆனா ரத்தம் குடுக்க மாட்டனுங்க."

"வேண்டாங்க. இதுல இருந்து விலகிக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டாப் போதும்" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

படிவத்தில் 'விலகுவதற்கான காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக 'சொந்தக் காரணம்' என்று நாங்களே எழுதிவிடுவோம். எத்தனையோ படிவத்தில் என் கையாலேயே அப்படி எழுதியிருக்கிறேன். அன்றைக்குப் பேனாவை வைத்துக்கொண்டு அவரைக் கேட்டேன். "என்ன காரணம்னு எழுதட்டுங்க?"

முறத்தைக் கீழே வைத்தார்.

"மூணு வாரம் பயந்தது போதும்னு எழுதுங்க."

அவர் சொன்னபடியே, ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினேன். வாசித்துக் காட்டினேன். சரிதானுங்க என்று தலையாட்டி, எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். தாளை மடித்துக்கொண்டு நான் எழுந்தபோது, பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, ரத்தம் கேக்காம வாரதா இருந்தா, எப்ப வேணாலும் ஊட்டுக்கு வாங்க."

ஓய்வு பெற்றபின் மூன்று தடவை போய்விட்டேன்.